பக்கத்து மாவட்டத்து நோய்

இண்டியானாபொலிஸ்
1846 டிசம்பர் 11

என் பிரிய லவினாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கை கால் எல்லாம் பத்திரம். வழியில் இரண்டு இடத்தில் வண்டி சேற்றில் புதைந்துகொண்டது. மக்கள் பிரதிநிதிகள் அத்தனை பேரும் இறங்கி, கோட்டைச் சுருட்டிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளினோம். டாக்டர் வெல்டன் சட்டசபைக்குப் போகும் முன்பே அரசாங்க வேலையைத் தொடங்கிவிட்டார் என்று ஊரில் சொல்லிவை.

விடுதியில் ஒரு கட்டிலுக்கு மூன்று பேர். நான் நடுவில். ஒரு பக்கம் ஹஸ்கின்ஸ் என்று ஒரு கிழவர், தோல் பதனிடுகிறவர். வாயே திறக்கமாட்டார், ஆனால் வாசனை பேசும். மறுபக்கம் நம் ஓடைக்கு அக்கரையில் இருக்கும் டார்லி மாவட்டத்து உறுப்பினர் மெர்ரிக். நல்ல மனிதர். குறட்டை மட்டும் மரம் அறுக்கிற ஆலை. சாப்பாடு காலையில் பன்றிக்கறி, மதியம் பன்றிக்கறி, மாலையில் காலையில் மிஞ்சிய பன்றிக்கறி. உன் கையால் ஒரு துண்டு சோள ரொட்டி கிடைத்தால் என் ஓட்டை யாருக்கு வேண்டுமானாலும் போட்டுவிடுவேன்.

நான் வைத்தியன் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு நாக்கை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். நேற்று சபாநாயகருக்கே ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கினேன். "டாக்டர், நீங்க எவ்ளோ நேரம் வேணாலும் சபையில பேசிக்கங்க, இப்ப மட்டும் கொஞ்சம் மெதுவா இழுங்க" என்று கெஞ்சினார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏனென்றால் வேலிச் சட்டத்தைப் பேச எனக்கு நேரம் வேண்டும். இந்த ஒன்றுக்காகத்தான் குதிரையையும் மருந்துப் பைகளையும் உன்னையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். டில்மன் வீட்டு இளசுகள் இரண்டும் என் கண்முன்னே போனதை நீயும் பார்த்தாய். மழை தப்பிய கோடை என்றால், ஆகஸ்டிலிருந்து உறைபனி விழும்வரை சில நிழற்காடுகளில் மேயும் மாட்டுக்கு நடுக்கம் வந்துவிடுகிறது. அதன் பாலும் வெண்ணெயும் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்து, வாந்தியெடுத்து, துவண்டு, அப்படியே முடிந்துபோகிறார்கள். செடியா, தண்ணீரா, மண்ணிலிருந்து எழும் ஆவியா, எனக்குத் தெரியாது. எந்த வைத்தியனுக்கும் தெரியாது. ஆனால் எந்தக் காடு என்று மட்டும் தெரியுமே. அந்தக் காட்டைச் சுற்றி ஊர்ச் செலவில் வேலி போடு, மாடு போகாமல் தடு, புதிதாக வருகிறவனிடம் சொல். இவ்வளவுதான் என் சட்டம். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கொண்டுவருகிறேன்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை போதவில்லை. கோபப்படாமல் இன்னொன்று பின்னு.

உன் அன்புக் கணவன்,
ஜோத்தாம் வெல்டன்


ஹோப்வெல் கிராமம், வேக்ஃபீல்ட் மாவட்டம்
1846 டிசம்பர் 22

டாக்டர் அவர்களுக்கு,

(கல்யாணமான நாளிலிருந்து ஊரோடு சேர்ந்து நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். இப்போது சட்டசபை உறுப்பினரே என்று தொடங்கவேண்டுமோ என்னவோ. காலுறை கேட்கிறவருக்கு டாக்டர் போதும்.)

காலுறை அனுப்பியிருக்கிறேன். இரண்டு ஜோடி. கட்டிலில் பக்கத்தில் படுக்கிறவருக்குக் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் புத்தி எனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் சுகம். பன்றி அடித்து உப்புப் போட்டாயிற்று. உங்கள் குதிரை தின்றுவிட்டுக் கொழுத்து, கதவைக் காலால் உதைக்கிறது. பர்டி தாத்தா வாரம் தவறாமல் வருகிறார். "டாக்டர் இல்லேன்னா என்னம்மா, ஒங்க கையாலயே ஒரு கிண்ணம் ரத்தம் எடுத்து விட்ருங்க, தல பாரமா இருக்கு" என்கிறார். நான் சூடாகத் தேநீர் கொடுத்து, அவர் மருமகளைப் பற்றி அவர் சொல்வதை எல்லாம் கேட்கிறேன். தலைபாரம் இறங்கிப் போய்விடுகிறார். நீங்கள் வந்ததும் இந்த வைத்தியத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் பழைய மரவீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள். பென்சில்வேனியாக்காரர்கள், எபர்சோல் குடும்பம். புருஷன் பெயர் கிறிஸ்தியான், பெஞ்சாதி பார்பரா. வசந்தம் வரை இருந்துகொள்கிறோம் என்று கேட்டார்கள், சரி என்றுவிட்டேன். பார்பராவுக்கு ஏழாம் மாதம். அருமையான பெண். வந்த மூன்றாம் நாளே பாலாடைக்கட்டி செய்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். "அக்கா, எங்க ஊர்ல பாலு, தயிரு, கட்டி இல்லாம ஒரு வேள சோறு எறங்காது" என்று சிரித்தாள். இரண்டு கறவை மாடுகளை அவ்வளவு தூரம் நடத்தியே கூட்டிவந்திருக்கிறார்கள். அதுகளோடு பேசிக்கொண்டே கறக்கிறாள்.

இப்போது நெஞ்சில் உறுத்துவதைச் சொல்கிறேன். அவர்களுக்கு நிலம் விற்கப்போவது எனோஸ் அண்ணன். எந்த நிலம் என்று நான் சொல்ல வேண்டாம். பள்ளத்துக் காடுதான். டில்மன் குடும்பம் இருந்த அதே இடம். பனி மூடிக் கிடக்கும்போது கூட்டிப்போய்க் காட்டினானாம். பனி மூடினால் எல்லா நிலமும் அழகுதான். பெப்ரவரியில் பத்திரம்.

அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அவன் பொய் சொல்வதாகவே அவனுக்குத் தெரியாது. டில்மன் வீட்டில் நடந்தது பித்தக் காய்ச்சல் என்று ஊர் சொன்னது, அவனும் நம்பினான். ஊர் சொன்னபோது நீங்களும் மறுத்துப் பேசவில்லை. பார்பரா தினமும் என் சமையலறையில் உட்கார்ந்து குழந்தைக்குச் சட்டை தைக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு மாவு பிசைகிறேன். நீங்கள் சபையில் எழுந்து சொன்னால் அது நாட்டுக்குச் சொன்னது. நான் சொன்னால் கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தது. சீக்கிரம் சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்கள்,
லவினா


இண்டியானாபொலிஸ்
1847 ஜனவரி 8

பிரிய லவினாவுக்கு,

காலுறைக்கு நன்றி. ஒரு ஜோடி ஹஸ்கின்ஸ் காலில் இருக்கிறது. திட்டு.

வேலிச் சட்டம் நேற்று சபைக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், முழுவதும் படித்த பிறகு கோபப்படு.

அரைமணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். மாட்டின் நடுக்கம், மனிதனின் வாந்தி, எல்லாம் சொல்லி, சபையில் இரண்டு பேர் மோர் குடிப்பதையே நிறுத்தும்படி செய்தேன். அப்புறம் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரிங்க டாக்டர், இந்த நோய் எந்த மாவட்டத்துல இருக்குன்னு சொல்லுங்க, அங்க வேலி போடுவோம்" என்றார். சபாநாயகர் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். உங்க மாவட்டத்துல உண்டா? "கெடையாதுங்க. பக்கத்து மாவட்டத்துல இருக்குன்னு கேள்வி." அந்தப் பக்கத்து மாவட்டத்துக்காரர் துள்ளி எழுந்தார். "எங்ககிட்டயா? சுத்தமான காத்துங்க எங்க ஊரு. அதுக்கு அடுத்த மாவட்டத்துலதான்." இப்படியே நோய் மாநிலம் முழுவதும் ஒரு சுற்று சுற்றி வந்தது, லவினா. எங்கும் ஒரு நாள் தங்கவில்லை. சபையே சிரித்துக்கொண்டிருந்தது.

என்னிடம் வந்தது.

அன்று காலைதான் நம் ஊர் ஸ்டாக்வெல்லின் கடிதம் வந்திருந்தது. நம் கட்சிக்கு ஹோப்வெல்லில் எல்லாமே அவர்தான் என்று உனக்குத் தெரியும். மரப்பலகை பாவிய சாலை நம் ஊர்வரை வருவது ஏறக்குறைய முடிவாகிவிட்டதாம். நோய் பிடித்த மாவட்டம் என்று ஒரு சொல் வெளியே போனால் சாலைக்காரர்கள் வேறு வழியாகத் திரும்பிவிடுவார்களாம். நிலம் வைத்திருப்பவன் எல்லாம் தெருவில் நிற்பானாம். சாலை வந்தால் அடுத்த ஆண்டு என்னை மேல்சபைக்கே அனுப்புவார்களாம். அந்தக் கடிதம் கோட்டுப் பையில் இருந்தது. எல்லோரும் சிரித்தபடி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, "எங்க வேக்ஃபீல்ட்ல இல்லைங்க. ஓடைக்கு அக்கரையில, டார்லி மாவட்டத்துல இருக்கறதாச் சொல்றாங்க" என்றேன். மெர்ரிக் மேசையைத் தட்டி, "யோவ், ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு இப்படிச் சொல்றியே! அது இக்கரையிலதான்!" என்று கத்தினார். கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரிச் சிரிப்பு. எந்த மாவட்டத்திலும் இல்லாத நோய்க்கு எதற்குச் சட்டம் என்று தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

நானும் சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பார். சாலை வந்தால் எனக்கு நோயாளியிடம் போக ஒரு நாள் ஆகிற இடத்துக்கு அரை நாள் போதும். அதுவும் உயிர் காப்பதுதானே. அடுத்த ஆண்டு மேல்சபையில் இருந்துகொண்டு இதே சட்டத்தை இன்னும் பலமாகக் கொண்டுவரலாம். எபர்சோல் விஷயம் சங்கடம்தான். எனோஸிடம் நான் வந்து பேசுகிறேன்.

உன்,
ஜோத்தாம்


ஹோப்வெல்
1847 ஜனவரி 17

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முழுவதும் படித்த பிறகு கோபப்படு என்றீர்கள், அதற்காக. நீங்கள் வந்து எனோஸிடம் பேசுவதற்குள் பத்திரம் முடிந்துவிடும். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

பார்பரா அன்றும் வந்தாள். தொட்டில் செய்ய மரம் பார்த்துவிட்டார்களாம், பள்ளத்துக் காட்டு மரம். "அக்கா, அங்க நெழலு அவ்ளோ குளிர்ச்சியாம், கோடையில மாடு வெளிய வராதாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பிசைந்த மாவை அப்படியே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன்.

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்பதையும் கேளுங்கள். நானாகச் சொல்லவில்லை. "பார்பரா, டாக்டர் கடிதம் போட்டிருக்காரு. பள்ளத்துக் காட்டுல பால் நோய் இருக்காம். டில்மன் வீட்டுப் பிள்ளைங்க அதுலதான் போனாங்களாம். எபர்சோல் குடும்பத்துக்கு முதல்ல சொல்லுன்னு எழுதியிருக்காரு" என்றேன். ஒரு சொல் உண்மையில்லை. நீங்கள் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை நான் சொன்னேன், அவ்வளவுதான். ஊர் வைத்தியர் சொன்னால் நம்புவாள், என் பேச்சை எதற்கு நம்பப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வெளுத்துப்போய், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் எங்கள பாத்ததுகூட இல்லியே அக்கா. எங்களுக்காக எழுதினாரா?" என்று அழுதாள். எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா?

மறுநாள் எனோஸ் வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

"என் நிலத்தப் பத்தி என்ன சொன்ன நீ?"

"நான் சொல்லல. டாக்டர் எழுதினார்."

"அவரு சபையில அக்கரையிலதான்னு சொன்னதா பேப்பர்ல போட்டிருக்கான். எது நெசம்?"

"எனக்கு எழுதினதுதான் நெசம்" என்றேன்.

"நாசமாப் போச்சு. மூணு வருஷமா இதுக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கேன். நீயா என் தங்கச்சி?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்திருந்த ஆப்பிள் பலகாரத்தைக்கூடப் பார்க்காமல் போனான். டாக்டர், அவன் என் கையால் சாப்பிடாமல் போனது இதுதான் முதல் தடவை.

இன்று ஞாயிறு, கோவிலில் எங்கள் வரிசையில் யாரும் உட்காரவில்லை. பிறகு ஸ்டாக்வெல் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "அம்மா, ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க போலிருக்கு. டாக்டருக்கு ஒரு தாள் அனுப்பறேன். வேக்ஃபீல்ட்ல இந்த நோய் இல்ல, நான் யாருக்கும் அப்படி எழுதலன்னு ரெண்டு வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், பேப்பர்ல போட்டுருவோம். சாலையும் வரும், டாக்டரும் மேல போவாரு" என்றார்.

தாள் உங்களுக்கு வந்து சேரும். கையெழுத்துப் போட்டால் இந்த ஊரில் நான் பொய்க்காரி. போடாவிட்டால் உங்கள் பதவி போயிற்று. என் பங்கை நான் செய்துவிட்டேன். எனக்கும் அண்ணன் போய்விட்டான்.

லவினா


இண்டியானாபொலிஸ்
1847 ஜனவரி 23

லவினா,

என் வாயை உனக்கு யார் குத்தகைக்கு விட்டது?

இருபது வருஷமாகப் பனியிலும் சேற்றிலும் அலைந்து சம்பாதித்த பெயர். ஹோப்வெல்லில் டாக்டர் வெல்டன் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்தது. அதை நீ எடுத்து, நான் எழுதாத கடிதத்துக்கு முத்திரையாகக் குத்திவிட்டாய். சபையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று பேசுகிறவன் நான் என்று இப்போது விடுதியில் ஒவ்வொருவனும் கண்ணடிக்கிறான். உனக்கு இவ்வளவு துணிச்சல் இருந்தால் உன் பெயரில் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்டாக்வெல்லின் தாள் மேசையில் இருக்கிறது. மையும் இருக்கிறது. இன்னும் முடிவெடுக்கவில்லை. நீ பதில் எழுத வேண்டாம்.

ஜோ. வெல்டன்


ஹோப்வெல்
1847 பெப்ரவரி 2

திரு. ஜோத்தாம் வெல்டன் அவர்களுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். இது பதில் இல்லை, செய்தி.

எபர்சோல் குடும்பம் நேற்றுக் கிளம்பிவிட்டது. எங்கே என்று கேளுங்கள். ஓடைக்கு அக்கரை. டார்லி மாவட்டம். கிறிஸ்தியான் செய்தித்தாளை எனக்குப் படித்துக் காட்டினார். சபையில் அந்த ஊர் உறுப்பினர் மெர்ரிக் எழுந்து, நோய் இக்கரையில்தான், எங்கள் பக்கம் கிடையாது என்று சொன்னது அப்படியே அச்சில் இருக்கிறது. "டாக்டர் சபையில அக்கரைன்னாலும் அப்புறம் இக்கரைன்னு எழுதிட்டாரு, அவரும் இக்கரைங்கறாரு. ரெண்டு பெரிய மனுஷங்க சொல்றது ஒத்துப்போவுதில்ல" என்றார். அங்கே ஒரு நிழற்காடு பேசி முடித்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் பத்திரம். ஓடைக்கு அக்கரை என்றால் எது என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்பு இலையுதிர் காலத்தில் நீங்கள் போய், நான்கு நாள் தங்கி, ஒருவரையும் காப்பாற்ற முடியாமல் திரும்பிவந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த இடம்.

நான் சொன்னேன். "அக்கரையிலயும் இருக்கு, போகாதீங்க" என்று வாசலில் நின்று சொன்னேன். கிறிஸ்தியான் கோபப்படவில்லை. பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "அம்மா, ஒங்க பக்கம் நெலம் விக்காமப் போச்சேன்னு ஒங்க ஊர்க்காரங்க ஒங்களத் தூண்டி விடறாங்க போல" என்றார். நான் என்ன சொல்லி என்ன? நான் சபை உறுப்பினரா, வைத்தியரா?

பார்பராவால் வண்டியில் ஏற முடியவில்லை. நான்தான் ஏற்றிவிட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். "டாக்டர் வந்ததும் சொல்லுங்கக்கா. பொறக்கறது பையனா இருந்தா அவரு பேருதான்" என்றாள்.

செய்தி அவ்வளவுதான்.

லவினா வெல்டன்


இண்டியானாபொலிஸ்
1847 பெப்ரவரி 9

என் லவினாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு விடுதி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹஸ்கின்ஸ் வந்து ஏன் உடம்பு சரியில்லையா என்றார். ஆமாம் என்றேன்.

இருபத்து மூன்றாம் தேதி எழுதியதை அடுப்பில் போடு. அது உன்மேல் வந்த கோபமே இல்லை. நான் பேசாததை நீ பேசிவிட்டாயே என்று வந்த எரிச்சல். அதை உன் தலையில் கொட்டினேன்.

திங்களன்று சபாநாயகரிடம் போய் ஐந்து நிமிஷம் கேட்டேன். பல் பிடுங்கியதற்கு ஈடாகக் கொடுங்கள் என்றேன், கொடுத்தார். எழுந்து நின்றேன். வேலிச் சட்டத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். உடனே பின்னாலிருந்து ஒரு குரல், "எந்த மாவட்டம் டாக்டர்? நிலாவுலயா?" சிரிப்பு ஆரம்பித்துவிட்டது.

"வேக்ஃபீல்ட். என் மாவட்டம்" என்றேன். சிரிப்பு நிற்கச் சிறிது நேரம் ஆயிற்று, அவர்களுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "ஹோப்வெல் பக்கத்துல பள்ளத்துக் காடு. என் சம்சாரத்தோட அண்ணன் நெலம். அங்க ரெண்டு பேருக்கு நான் வைத்தியம் பாத்தேன், ரெண்டு பேரையும் புதைச்சோம். போன மாசம் இதே எடத்துல நின்னு இல்லைன்னேன். இருக்கு. ஓடைக்கு அக்கரையில டார்லியிலயும் இருக்கு, அங்கயும் நான் போயிருக்கேன். மாடு ஓடையத் தாண்டும்போது மாவட்டம் மாறுதுன்னு அதுக்குத் தெரியாதுங்க."

மெர்ரிக் முகம் சிவந்து எழுந்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது ஹஸ்கின்ஸ் எழுந்தார். இத்தனை நாளில் அந்தக் கிழவர் சபையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "எங்க ஊர்லயும் இருக்குங்க. என் தங்கச்சி அதுலதான் போனா. நாங்க நெஞ்சுவலின்னு சொல்லிக்கிட்டோம்" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். வேறு யாரும் எழவில்லை. ஆனால் எல்லோரும் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் தோற்றது. பெரிய தோல்வி. ஆனால் பேசியது அச்சில் வரும், மாவட்டத்தின் பெயரோடு. அதைத் தடுக்க அவர்களால் முடியாது. ஸ்டாக்வெல்லின் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். சாலை தெற்கு வழியாகப் போகிறது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். மேல்சபைக் கனவைக் கேட்கவே வேண்டாம். மெர்ரிக் வேறு அறைக்குப் போய்விட்டார், கட்டிலில் இப்போது இடம் தாராளம். அவர் குறட்டை இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வண்டியில் கிளம்புகிறேன். அக்கரையில் துறையடி விடுதியில் இறங்கி, நேரே எபர்சோல் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு அப்புறம் வருகிறேன். என்னைப் பார்த்ததில்லை என்று அழுதாளே அந்தப் பெண், பார்க்கட்டும். நான் எழுதாத கடிதத்தைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிடுவேன். நீ அவள் முன்னால் பொய்க்காரியாக நிற்பாயே என்று யோசித்தேன். நீ சம்மதிப்பாய் என்று தோன்றுகிறது.

எனோஸ் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. ஊரில் ஒருவரும் இனி வைத்தியத்துக்குக் கூப்பிடாமல் போனாலும் போகலாம். அப்படியானால் நானும் தேநீர் போட்டு மருமகள் கதை கேட்கப் பழகிக்கொள்கிறேன். நீ வாசலில் நிற்பாயா, லவினா? இது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும்.

உன்,
ஜோத்தாம்


ஹோப்வெல்
1847 பெப்ரவரி 15
துறையடி விடுதி முகவரிக்கு

டாக்டருக்கு,

இதை விடுதிக்காரர் உங்கள் கையில் தந்த பிறகு, எபர்சோல் வீட்டைத் தேடி அலைய வேண்டாம். அவர்கள் இங்கே இருக்கிறார்கள். கிறிஸ்தியான் சனிக்கிழமை செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பத்திரம் போடவில்லையாம். நீங்கள் வந்து மேட்டு நிலமாக ஒன்று காட்டும்வரை எங்கேயும் போடமாட்டாராம். பார்பரா மறுபடி நம் மரவீட்டில் இருக்கிறாள், வயிறு இறங்கிவிட்டது, வாரக் கணக்குதான். கடிதம் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். கையிலிருந்த தையலை முடித்து நூலை அறுத்தாள். அப்புறம், "ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தர் எழுதினா சரிதான்கா" என்றாள்.

ஊரைப் பற்றிக் கேட்டால், சுகமில்லை. நம் வாசல் பலகையில் உங்கள் பெயர்மேல் தார் பூசியிருக்கிறார்கள். ஸ்டாக்வெல் கடையில் எனக்கு உப்புகூட நிறுத்துத் தர ஆளில்லை, பர்டி தாத்தாதான் வாங்கி வந்து கொடுத்தார். ஆனால் ஒன்று. வாசல் வழியாக யாரும் வராவிட்டாலும் கொல்லைப்பக்கமாக ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, ஊசி கடன் கேட்பது மாதிரி. கிளம்பும்போது மெல்ல, "எங்க காடு எப்படின்னு டாக்டரக் கேட்டுச் சொல்றீங்களா" என்கிறார்கள்.

நேற்று எனோஸ் அண்ணன் வந்தான். அவனும் கொல்லைப்பக்கம்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"பள்ளத்துல எங்க மாடும்தான் மேயுது" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர், அந்தக் காட்டை விற்கப் பார்த்தான் விற்கப் பார்த்தான் என்று எத்தனை கோபப்பட்டேன். அவன் பிள்ளைகள் நாலும் அந்தப் பாலைத்தான் குடித்து வளர்கிறது என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லையே. அவனும் நினைக்கவில்லை. இல்லை, இல்லை என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நிச்சயமாகிவிட்டது.

"லவினா, ரெண்டு நாளா புள்ளைங்களுக்குப் பால் குடுக்கல. சின்னது அழுவுது. குடுக்கலாமா?"

பனி விழுந்த பிறகு பயமில்லை, கோடையில்தான் அடைத்து வைக்க வேண்டும், டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், கொடு என்றேன். தலையை ஆட்டினான்.

"ஒன் பேச்ச நம்பமாட்டேன். அவரு பேரச் சொல்லி நீ பேசினதெல்லாம் போதும். அவரு வந்து அவரு வாயால சொல்லட்டும்."

கதவுவரை போனான். திரும்பி நின்று, "அவருக்கு இந்த ஜென்மத்துல என் ஓட்டு கெடையாது, சொல்லிரு. ஆனா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வரச் சொல்லு" என்றான்.

அதனால் நான் நம் வாசலில் நிற்கமாட்டேன், டாக்டர். அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறேன். வண்டியை அங்கேயே திருப்பச் சொல்லுங்கள்.

உங்கள்,
லவினா